குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்: நடக்கத் தாமதமான குழந்தைகளின் 400 வருட வரலாறு

1/
"எனக்கு தைராய்டு இருக்கு டாக்டர்."

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரும் தினமும் கேட்கும் வாக்கியம் இது. உண்மையில் தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி.

அந்தச் சுரப்பி இல்லாமலே பிறக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். இருந்தும் சரியாக வேலை செய்யாத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலை நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் ஏன் தள்ளிப்போகிறது, அதை மருத்துவ உலகம் எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் இன்னும் பொறுமையாக.

2/
முதலில் இந்தக் குழந்தை எப்படி இருக்கும்?

பிறந்தவுடன் பார்த்தால் எல்லாக் குழந்தைகளையும் போலத்தான். எடை சரியாக இருக்கும், கை கால் சரியாக இருக்கும். பாட்டி பெருமையாகச் சொல்வார்: "குழந்தை ரொம்ப சமத்து. அழறதே இல்லை. நாமதான் எழுப்பிப் பால் கொடுக்கணும்."

மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் போகாது. மலச்சிக்கல் இருக்கும். வயிறு உப்பலாக, தொப்புள் பிதுங்கி இருக்கும். அழுதாலும் குரல் கரகரப்பாக வரும். தோல் வறண்டு, தொட்டால் சில்லென்று இருக்கும். நாக்கு சற்றுப் பெரிதாக வெளியே துருத்தும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்.

3/
மூன்று, நான்கு மாதம் ஆகும். தலை நிற்காது. தூக்கினால் துணிமூட்டை மாதிரி தொய்ந்து விழும். "உரம் விழுந்திருக்கும், எடுத்தா சரியாகிடும்" என்பார்கள்.

எட்டு, ஒன்பது மாதத்தில் உட்காராது. ஒன்றரை வயதாகியும் நடக்காது. "அவங்க அப்பனே ரெண்டு வயசுலதான் நடந்தான்" என்பார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இந்த ஒவ்வொரு சமாதானமும் அந்தக் குழந்தையிடமிருந்து சில மாதங்களை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த மாதங்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்குப் புரியவே பல நூற்றாண்டு ஆனது.

4/
கதை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் 1602-ல் வெளியிட்ட நூலில், வாலே பகுதி கிராமங்களில் தான் பார்த்தவர்களைப் பற்றி எழுதினார். கழுத்தில் கழலை, பெரிய நாக்கு, பேச்சு வராமை, வளர்ச்சி குன்றிய உடல்.

இவர்களுக்கு 'கிரெட்டின்' என்று ஒரு பெயர் வந்தது. கிறிஸ்தவர் என்பதற்கான உள்ளூர் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது, 'இவரும் நம்மைப் போல ஒரு மனிதப் பிறவிதான்' என்ற பொருளில் வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பரிவோடு வைத்த அந்தப் பெயரே பின்னாளில் வசைச்சொல் ஆனது. அதனால்தான் இன்று மருத்துவத்தில் அதைத் தவிர்க்கிறோம். 'பிறவி தைராய்டு குறைபாடு' என்கிறோம்.

காரணம் என்ன என்று அன்று கேட்டால் தண்ணீர், பள்ளத்தாக்கின் காற்று, பெற்றோரின் பாவம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

5/
1850-ல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங், இப்படி இருந்து இறந்துபோன இரண்டு குழந்தைகளின் உடலைப் பரிசோதித்தார். கழுத்தில் தைராய்டு சுரப்பியே இல்லை. அது இல்லாததற்கும் மூளை வளராததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்.

1871-ல் சார்ல்ஸ் ஹில்டன் ஃபேக் இன்னொன்றைக் கவனித்தார். மலைப் பக்கமே போகாத, கழுத்தில் கழலையும் இல்லாத குடும்பங்களில்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாக இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன.

இந்த இரண்டாவது கவனிப்பு நமக்கு முக்கியம். இது மலைக்காரர்களின் நோய் மட்டும் அல்ல. எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் வரலாம்.

6/
1883-ல் ஒரு வருத்தமான நிரூபணம் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் கழலை அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றவர். சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்ட தன் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பலர் உடல் ஊதி, நடை தளர்ந்து, மந்தமாகி இருந்தார்கள். சிறுவயதில் அறுவை செய்யப்பட்டவர்களின் வளர்ச்சியே நின்றிருந்தது.

பார்த்ததை மறைக்காமல் வெளியிட்டார். அதன்பின் சுரப்பியை முழுதாக எடுப்பதை நிறுத்தினார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுரப்பி போனால் உடல் போகும் என்பது உறுதியானது. அப்படியானால் வெளியிலிருந்து கொடுத்தால்?

7/
கொடுத்துப் பார்த்தார் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர் ஜார்ஜ் மர்ரே. 1891-ல் ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து ஒரு நடுவயதுப் பெண்மணிக்கு ஊசியாகப் போட்டார். அந்த அம்மா தேறி, அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில் 1919-ல் இறந்தார். அந்த 28 வருடத்துக்குத் தேவைப்பட்டது 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி.

அடுத்த வருடமே ஊசி தேவையில்லை, வாய்வழியே கொடுத்தாலே போதும் என்று கண்டுபிடித்தார்கள். எட்வர்ட் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, பொடியாக நறுக்கி, பழ ஜெல்லி தொட்டுச் சாப்பிடச் சொன்னார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அது வேலை செய்தது.

1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் 'தைராக்ஸின்' ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்கரும் அதை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டினார்கள்.

8/
மருந்து கிடைத்துவிட்டது. குழந்தைகள் எல்லாம் நடந்துவிட்டார்களா?

பாதிப் பேருக்குப் பாதி.

தைராய்டு ஹார்மோன் இல்லாத குழந்தையின் அசைவு மூன்று இடத்தில் அடிபடுகிறது. அதைப் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை விளங்கும்.

ஒன்று, தசை. சுருங்குவதும் தளர்வதும் மெதுவாகும். குழந்தை தொய்வாக இருக்கும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக, கெண்டைக்கால் தசைகள் பருத்து, குட்டிப் பயில்வான் மாதிரி தெரியும். பார்க்கத்தான் பலம், உள்ளே பலவீனம். கோகர் 1892-லும், பிரான்ஸின் டெப்ரே, செமலேன் இருவரும் 1935-லும் இதை எழுதியதால் மூவர் பெயரும் சேர்ந்தே அந்த நிலைக்கு இருக்கிறது. இந்தியாவிலும் இது பலமுறை பதிவாகியிருக்கிறது.

9/
இரண்டு, எலும்பு. எலும்பு வளர்ச்சி பின்தங்கும். இடுப்பு மூட்டின் பந்து சரியாக உருவாகாவிட்டால் குழந்தை வாத்து மாதிரி சாய்ந்து சாய்ந்து நடக்கும்.

மூன்று, மூளை. பிறந்த பிறகும் மூளை வேகமாக வளர்கிறது. உடல் தள்ளாடாமல் நிற்க, கை குறிதவறாமல் பொருளை எடுக்க உதவும் சிறுமூளை, முதல் மாதங்களில்தான் தன் நரம்புக் கிளைகளை விரிக்கிறது. மின்சார ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி, நரம்புகளுக்கு மேலே ஒரு கொழுப்புறை படிவதும் அப்போதுதான். இந்த இரண்டு வேலைக்கும் தைராய்டு ஹார்மோன் வேண்டும்.

தசைக்கும் எலும்புக்கும் தாமதமாக மருந்து கொடுத்தாலும் பெரும்பாலும் தேறிவிடும். மூளை காத்திருக்காது. அன்று ஆட்டுச் சாறு கொடுத்த குழந்தைகள் உயரமானார்கள், முகம் தெளிந்தது, எழுந்து நடந்தார்கள். ஆனால் பலருக்கு அறிவு வளர்ச்சியும் கைகால்களின் ஒத்திசைவும் முழுதாகத் திரும்பவில்லை.

10/
இதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது?

பிரிட்டிஷ் இந்தியாவின் வடகோடி, கில்கிட். அங்கே ராணுவ மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 200-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களைப் பரிசோதித்து 1908-ல் லான்செட் இதழில் எழுதினார். அவர் செய்த பெரிய காரியம், இவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது.

ஒரு வகையினர் குள்ளமாக, உடல் ஊதி, மந்தமாக இருந்தார்கள். இன்னொரு வகையினருக்கு ஊதல் இல்லை. ஆனால் காது கேட்காது, பேச்சு வராது, கால்கள் விறைத்து நடை தடுமாறும். இதற்கு நரம்பு வகை என்று பெயர் வைத்தார். அசைவுக் குறைபாட்டை மையமாக வைத்து இந்த நோயைப் பார்த்த முதல் சிலரில் ஒருவர் அவர்.

11/
காரணத்தைத் தேடி அவர் செய்தது அசாத்தியம். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் கிராமங்களில், கீழே போகப் போகக் கழலை கூடுவதைப் பார்த்தார். அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்தார், தன்னார்வலர்களுக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்துக் கொடுத்தால் வீங்கவில்லை. தண்ணீரில் உள்ள கிருமிதான் காரணம் என்று முடிவு கட்டினார். முதன்மைக் காரணம் அயோடின் பற்றாக்குறை என்பது பின்னர் நிலைபெற்றது.

இதே மெக்காரிசன்தான் பிறகு நம்ம நீலகிரிக்கு வந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ல் ஒற்றை அறையில் சத்துக்குறைபாட்டு ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறந்தவீடு குன்னூர்.

12/
அந்தக் குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றிய இன்னொருவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. 1956-ல் இவரும் சகாக்களும் இமயமலை அடிவாரக் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில வருடங்களில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்புப் பகுதியில் குறையவில்லை. பிறகு அங்கேயும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது.

1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது இந்த வழியில்தான். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் பாக்கெட்டிலும் 'அயோடின் கலந்தது' என்று போட்டிருப்பதற்குப் பின்னால் காங்க்ரா இருக்கிறது.

13/
அயோடினுக்கும் குழந்தையின் நடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று காட்டியது பப்புவா நியூ கினி. 1966 முதல் அங்கே ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றுவிட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் எண்ணெய் ஊசியும், மற்றவர்களுக்கு உப்புநீர் ஊசியும் போட்டார்கள். கருத்தரிக்கும் முன்பே அயோடின் கிடைத்த தாய்மார்களின் குழந்தைகள் நரம்பு வகை பாதிப்பிலிருந்து தப்பினார்கள்.

1979-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் கூர்மையானது. வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளை மணி கோக்கவும், பலகைத் துளையில் குச்சி செருகவும் சொன்னார்கள். அயோடின் கிடைக்காத தாய்மார்களின் பிள்ளைகள் அதில் பின்தங்கினார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அளவில்கூடக் கையின் வேகத்தில் குறை நிற்கிறது. இதை மனதில் வையுங்கள்.

14/
"எங்க வீட்ல அயோடின் உப்புதான் டாக்டர். அப்ப பயமில்லையே?"

இங்கேதான் குழப்பம். அயோடின் என்பது மாவு. தைராய்டு சுரப்பி என்பது இட்லிப் பானை. பானையே இல்லாத வீட்டில் மாவு எவ்வளவு இருந்தாலும் இட்லி வராது. சுரப்பி உருவாகாமல் பிறந்த குழந்தைக்கும், நாக்கின் அடியிலேயே தங்கி இறங்காமல் நின்றுவிட்ட சுரப்பி உள்ள குழந்தைக்கும் உப்பு உதவாது. சில குழந்தைகளுக்குச் சுரப்பி இருக்கும், ஹார்மோன் செய்யும் நொதியில் மரபணுக் குறை இருக்கும். சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் இந்த வகைக்கு வாய்ப்பு அதிகம்.

தாயின் தைராய்டு ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் குழந்தைக்கு இது வரலாம்.

15/
சரி, எவ்வளவு சீக்கிரம் மருந்து கொடுக்க வேண்டும்? 1972-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மூன்று மாதத்துக்கு முன் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் எண் 89. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 70-ஐ ஒட்டி. அதற்கும் பிறகு என்றால் 54.

ஒரே நோய், ஒரே மருந்து. வித்தியாசம் தேதி மட்டும்.

இந்த எண்கள் மருத்துவர்களைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் குழந்தையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் அந்தத் தேதி கடந்துவிடுகிறது.

16/
பிறந்தவுடன் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? 1989-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள். ஹார்மோனே செய்ய முடியாமல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராக்ஸின் இருந்தது. எங்கிருந்து வந்தது? அம்மாவிடமிருந்து.

கருவில் இருக்கும்வரை தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் மூளையை ஓரளவு காப்பாற்றுகிறது. கொடியை வெட்டியதும் அந்த வரத்து நிற்கிறது. கையிருப்பு சில நாட்களில் தீர்ந்துவிடும்.

மெக்காரிசனின் இரண்டு வகைக்கும் இதுவே விளக்கம். தாய்க்கும் அயோடின் இல்லாத மலைக்கிராமத்தில் பாதிப்பு கருவிலேயே தொடங்கி, கால் விறைத்த நரம்பு வகையாகிறது. நம் ஊர்க் குழந்தையைத் தாய் பிறக்கும்வரை காப்பாற்றித் தருகிறாள். அதன் பிறகு பொறுப்பு நம்முடையது.

17/
பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்றால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, வேறொரு பிறவி நோய்க்காகக் குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் தொட்டுக் காயவைத்துப் பரிசோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு, உறவுக் குழந்தை ஒன்றுக்கு அந்தப் பிறவி நோய். வேலையின் வேகம் அங்கிருந்து வந்தது.

அதே காய்ந்த ரத்தப் பொட்டில் தைராய்டு ஹார்மோனையும் அளக்க முடியும் என்று கனடாவின் கியூபெக்கில் ஜான் டுஸ்ஸோ காட்டி, 1975-ல் வெளியிட்டார். அதன்பின் பல நாடுகள் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்யத் தொடங்கின. அந்த நாடுகளில் இந்த நோயால் மூளை பாதித்து நடக்கமுடியாமல் போன குழந்தையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

ஆட்டுச் சாறு வந்து 80 வருடம் கழித்துத்தான் அந்த மருந்து சரியான நேரத்தில் குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. சேர்த்தது ஒரு துண்டுக் காகிதம்.

18/
நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே அயப்பாக்கம் வழியாகப் போகிறவர்கள் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் போர்டைப் பார்த்திருப்பீர்கள். அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்-ன் நிறுவனம். அந்த ஐ.சி.எம்.ஆர் 2007 முதல் 2012 வரை சென்னை உட்பட ஐந்து நகரங்களில் 1 லட்சத்து 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தது.

கிடைத்த விடை: 1130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவி தைராய்டு குறைபாடு. மேலை நாடுகளில் 2000 முதல் 4000-க்கு ஒன்று. நம்மிடம் அதைவிட அதிகம்.

19/
இதை நம் தெருவுக்கு இறக்கிப் பாருங்கள். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் மாதம் 100 பிரசவம் நடக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 1200. அதாவது அந்த ஒரு ஆஸ்பத்திரியிலேயே வருடத்துக்குச் சராசரி ஒரு குழந்தை.

டெஸ்ட் செய்தால் தினம் ஒரு சின்ன மாத்திரையுடன் அந்தக் குழந்தை மற்ற பிள்ளைகளோடு ஓடி விளையாடும். செய்யாவிட்டால் வருடக்கணக்கில் பிசியோதெரபி, சிறப்புப் பள்ளி, ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கை.

மாத்திரை விலை உயர்ந்தது அல்ல. டெஸ்டும் பிரசவச் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை.

20/
ஆனால் நம் பக்கத்தில் இந்தக் குழந்தை நழுவிப்போக மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, சீக்கிரம் டிஸ்சார்ஜ். குதிகால் ரத்தம் எடுக்கச் சரியான நேரம் பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு. அதற்கு முன் எடுத்தால், பிறந்த அதிர்ச்சியில் எல்லாக் குழந்தைக்குமே டி.எஸ்.எச் அளவு ஏறியிருக்கும். சுகப்பிரசவம் என்றால் அதற்குள் வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படுகிறோம். முன்பே போக வேண்டியிருந்தால் தொப்புள்கொடி ரத்தத்தில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், அல்லது திரும்பி வந்து எடுங்கள்.

21/
இரண்டு, தாய்வீட்டுப் பிரசவம். செக்கப் எல்லாம் பூந்தமல்லியில், பிரசவம் விழுப்புரத்திலோ திருநெல்வேலியிலோ. மூன்றாம் மாதம் குழந்தை திரும்பி வரும்போது இந்த டெஸ்ட் எடுத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் வட மாநிலக் குடும்பங்களுக்கு இந்தத் தூரம் இன்னும் அதிகம்.

மூன்று, ரிசல்ட். ரத்தம் எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ரிப்போர்ட் வரவில்லை என்றால் நார்மல் என்று அர்த்தம் இல்லை. வரவில்லை என்றுதான் அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் போன் நம்பர் அடுத்த இரண்டு வாரம் யார் எடுப்பார்களோ அவர்களுடையதாக இருக்கட்டும்.

22/
டெஸ்டில் டி.எஸ்.எச் அதிகம் என்று வந்தால் பயப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். ரத்தக்குழாயில் இருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள். உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும்.

மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து உடனே கொடுக்க வேண்டும். பாட்டில் நிறைய பாலில் கலக்கக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் சிரப்போடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது, இடைவெளி விடுங்கள். "குழந்தை நல்லாத்தான் இருக்கு" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். சில குழந்தைகளுக்கு இது தற்காலிகம். அதை மூன்று வயதில் டாக்டர் பரிசோதித்துச் சொல்வார்.

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, இரட்டைக் குழந்தைகள் என்றால் முதல் டெஸ்ட் நார்மலாக இருந்தாலும் சில வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

23/
ஏற்கெனவே வளர்ந்த குழந்தை, தலை நிற்கவில்லை, நடக்கவில்லை, டெஸ்டும் எடுத்ததில்லை என்றால்? இன்றைக்கே எடுங்கள். நடை தாமதத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் மாத்திரையால் மாற்றக்கூடிய காரணம் இது. தாமதமாகத் தொடங்கினாலும் தசை வலுப்படும், உயரம் கூடும், மலச்சிக்கல் தீரும், குழந்தை சுறுசுறுப்பாகும். இழந்த எல்லாம் திரும்பாமல் இருக்கலாம். இனி இழக்கப்போவது நிற்கும்.

இதைப் படிக்கும் தாய்மார்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ இது வருவதில்லை.

24/
உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது பிரசவத்துக்குக் காத்திருந்தால், ஆஸ்பத்திரிப் பைக்குள் துண்டு, சட்டை, கொசுவலையோடு ஒரு சீட்டும் வையுங்கள். அதில் இரண்டே கேள்வி:

"குழந்தைக்கு டி.எஸ்.எச் டெஸ்ட் எப்போ எடுப்பீங்க?"
"ரிசல்ட் எப்போ, யார்கிட்ட வாங்கணும்?"

முதல் கேள்வியைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டாவதை டிஸ்சார்ஜ் அன்று கேட்காமல் ஆட்டோ ஏறாதீர்கள்.